லேத் பட்டறையில் பிறந்த இடுப்பு மூட்டு!

'சித்த வைத்தியருக்கு ஆபரேஷன் தியேட்டரில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி.

பல வருஷங்களுக்கு முன் நடந்தது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, சொந்தமாக வைத்தியசாலை வைத்து, ஓரளவு பேர் வாங்கியிருந்த நேரம். அண்ணாச்சிக்கு ஐம்பது வயசு இருக்கும். லேசாகக் கெந்திக்கொண்டே உள்ளே வந்தார்.

"கவட்டைக்குள்ள வலிக்கிய்யா. நடந்தா முழங்கால் வரைக்கும் இழுக்கி. ஆபரேஷன் கீபரேஷன்னு மட்டும் சொல்லிராதீய. உங்க எண்ணெயை நம்பித்தான் வந்திருக்கேன்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் பெருமை. உளுந்துத் தைலம், தொக்கணம், ஒற்றடம், உள்ளுக்கு அமுக்கராச் சூரணம் என்று ஆரம்பித்தேன். வலி குறைந்தது. சில மாதம் கழித்து மறுபடி வலி. மறுபடி தைலம். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. 'அதுதான் வலி குறையுதே' என்று தள்ளிப் போட்டேன்.

ஒருநாள் கடைப் பையன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அளந்து பார்த்தால் ஒரு கால் குட்டையாகியிருந்தது. அன்றைக்குத்தான் எக்ஸ்ரே எடுத்தோம். பந்து போல உருண்டையாக இருக்க வேண்டிய தொடை எலும்பின் தலை, ஒரு பக்கம் நசுங்கி உள்ளே போயிருந்தது. ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப் போயிருக்கிறது. அதன்மேல்தான் நான் ஒன்றரை வருஷம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் எலும்பு சர்ஜன். படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, கொஞ்சம் முன்னாடி அனுப்பியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டான். வேறெதுவும் சொல்லவில்லை. அதற்கு மேல் அவன் சொல்லவும் தேவையில்லை.

அண்ணாச்சி ஆபரேஷனுக்குச் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "நீங்களும் உள்ள வந்து நிக்கணும்யா. தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணும்." நண்பன் அனுமதி வாங்கித் தந்தான். பச்சை அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஓர் ஓரமாக நின்றேன்.

அப்போதுதான் அந்தத் தட்டைப் பார்த்தேன். உளி, சுத்தியல், அரம், ரம்பம், துளை போடும் மெஷின்! அரைத் தேங்காய் மூடி அளவில் ஓர் எஃகுக் கிண்ணம். அதன் முதுகு முழுக்கத் தேங்காய்த் துருவி போலப் பற்கள். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அதே மாதிரி வரிசையாகப் பல கிண்ணங்கள். 'இதென்ன ஆபரேஷன் தியேட்டரா, ஆசாரி பட்டறையா?' என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து டீ குடிக்கும்போது நண்பனிடம் கேட்டேவிட்டேன். "பட்டறைதான். இந்த ஆபரேஷனுக்கு வழி போட்டவரே வீட்டுல லேத் வச்சிருந்த ஆளு" என்று சிரித்தான். அன்று தொடங்கிய ஆர்வத்தில் நான் தேடிப் படித்த கதைதான் இது.

பந்தும் கிண்ணமும்

முதலில் மூட்டைப் புரிந்துகொள்வோம். தொடை எலும்பின் மேல் நுனி ஒரு பந்து. இடுப்பு எலும்பில் அதற்கேற்ற ஒரு கிண்ணம். இரண்டின் மேலும் வழுவழுவென்று குருத்தெலும்புப் பூச்சு. நடுவே எண்ணெய் விட்டதுபோல் ஒரு திரவம். பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட நம் மூட்டு அதிகமாக வழுக்கும் என்றால் நம்புவீர்களா? அளந்தே சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பூச்சு தேய்ந்துவிட்டால்? எலும்போடு எலும்பு உரசும். ராத்திரி புரண்டு படுக்க முடியாது. செருப்பு மாட்டக்கூட அடுத்தவர் கை வேண்டும்.

'தேய்ந்ததை எடுத்துவிட்டு வேறு வைத்தால் என்ன?' என்ற யோசனை பழசு. 1891-லேயே ஜெர்மனியில் தெமிஸ்டோக்ளெஸ் க்ளுக் என்ற டாக்டர் யானைத் தந்தத்தில் மூட்டு செய்து பார்த்தார். 1923-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் என்ற சர்ஜன் கண்ணாடியில் கிண்ணம் செய்து எலும்புத் தலைக்குக் குல்லாய் மாதிரி மாட்டினார். ஏன் கண்ணாடி? ஒரு நோயாளியின் முதுகில் வருஷக் கணக்காகத் தங்கியிருந்த கண்ணாடித் துண்டை அவர் எடுத்தபோது, அதைச் சுற்றி வழுவழுப்பான ஒரு சவ்வு வளர்ந்திருப்பதைப் பார்த்தாராம். யோசனை அருமை, ஆனால் உடம்பின் பாரம் தாங்காமல் கண்ணாடி உடைந்தது. கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது பல் டாக்டர்கள் பயன்படுத்திய 'வைட்டாலியம்' என்ற உலோகக் கலவை. அந்த வழியைக் காட்டியவரும் ஒரு பல் டாக்டர்தான்! 1938 முதல் அவர் அதைப் பயன்படுத்தினார்.

1946 வாக்கில் பாரிஸில் ஜூடே சகோதரர்கள், நசுங்கிய எலும்புத் தலையை எடுத்துவிட்டு அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த தலையை வைத்தார்கள். வலி போயிற்று, உலகமே பாராட்டியது. ஆனால்...

ஒரு 'கிறீச்' சத்தம்

இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டம் பஞ்சாலைகளுக்குப் பேர்போனது. அங்கே பரி என்ற ஊரில் 1911-ல் பிறந்தவர் ஜான் சார்ன்லி. அப்பா மருந்துக்கடைக்காரர், அம்மா நர்ஸ். இரண்டாம் உலகப் போரின்போது எகிப்தில் ராணுவ டாக்டராக இருந்தவர், எலும்பு முறிவுக்கான உபகரணங்கள் செய்யும் பட்டறையில் இன்ஜினியர்களோடு பழகினார். அந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவே இல்லை.

1950-களில் அவரிடம் ஒரு நோயாளி வந்தார். ஜூடே சகோதரர்களின் அக்ரிலிக் தலை பொருத்தப்பட்டவர். வலி பெரிதாக இல்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் முன்னால் குனிந்தால் இடுப்பிலிருந்து 'கிறீச்' என்று சத்தம்! அதைத் தாங்க முடியாமல் மனைவி அவரோடு ஒரே அறையில் இருப்பதையே தவிர்த்தாராம்.

மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். சார்ன்லி சிரிக்கவில்லை. எண்ணெய் இல்லாத கதவுக் கீல் ஏன் கத்துகிறது? உராய்வு. உராய்வு அதிகமானால் பந்து சும்மா சுழலாது. தன் காம்பையும் சேர்த்து இழுக்கும். நாளடைவில் காம்பு எலும்புக்குள் ஆட ஆரம்பிக்கும். 'புது மூட்டுகள் கழன்றுபோவதற்குக் காரணம் இதுதான்' என்று அவர் முடிவுக்கு வந்தார். உராய்வைக் குறைக்க வேண்டும், காம்பையும் அசையாமல் நிறுத்த வேண்டும். வேலை இரண்டாகப் பிரிந்தது.

கிணற்று ராட்டினக் கணக்கு

உராய்வைக் குறைக்க அவர் செய்த முதல் காரியம் பந்தைச் சிறியதாக்கியது. நம் கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் அச்சு விரல் தடிமனில் இருந்தால் சுலபமாகச் சுற்றும். அதே அச்சு உலக்கைத் தடிமனில் இருந்தால்? இழுத்து இழுத்துக் கை வலித்துப் போகும். இடுப்பிலும் அதே கணக்குதான். மற்றவர்கள் இயற்கைப் பந்தின் அளவிலேயே, நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தபோது, சார்ன்லி படிப்படியாகக் குறைத்து சுமார் 22 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். பந்து எஃகு, கிண்ணம் அன்றைக்குக் கிடைத்த பிளாஸ்டிக்குகளிலேயே மிக வழுக்கலான டெஃப்லான். ஆம், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான்.

காம்பை நிறுத்துவது எப்படி? இங்கேயும் கைகொடுத்தது பல் வைத்தியம்தான். மான்செஸ்டரில் பல் மருத்துவப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த டென்னிஸ் ஸ்மித், பல்செட் செய்யும் அக்ரிலிக் மாவைக் காட்டினார். பொடியையும் திரவத்தையும் கலந்தால் பிசைந்த மாவாகி, சில நிமிஷங்களில் கல்லாக இறுகும். 1958-ல் சார்ன்லி அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார். அது பசை அல்ல. கொத்தனார் ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சாந்து திணிக்கிறார் அல்லவா? அந்த வேலை. இடைவெளி முழுக்க நிரம்பி, உடம்பின் பாரம் எலும்பு முழுவதும் சமமாகப் பரவும்.

பிற்காலத்தில் வந்தவர்கள் இந்தச் சாந்துக்கென்றே புதுக் கருவிகள் கண்டுபிடித்தார்கள். எலும்பின் குழாயைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஒன்று, சாந்து கீழே இறங்காமல் அடைக்க ஒரு தக்கை, அடியிலிருந்து மேலாக நிரப்பிக்கொண்டே வர ஒரு துப்பாக்கி. விரலால் திணித்த காலம் போயிற்று.

ராத்திரி யோசனை, எஃகுக் கருவி

விகன் நகரத்துக்குப் பக்கத்தில் ரைட்டிங்டன் என்று ஓர் ஆஸ்பத்திரி. ஒரு காலத்தில் காசநோயாளிகளுக்கானது. காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்து அங்கே படுக்கைகள் காலியாக, சார்ன்லி அதை இடுப்பு மூட்டு மையமாக மாற்றினார். ஆஸ்பத்திரியை ஒட்டியே ஒரு பட்டறை. அதில் ஹாரி கிரேவன் என்ற தொழில்நுட்ப ஆள். அவர் டாக்டர் இல்லை. லேத்தும் அரமும் தெரிந்த தொழிலாளி. சார்ன்லி வீட்டிலும் ஒரு லேத் வைத்திருந்தார். ஆரம்ப காலத்து டெஃப்லான் கிண்ணங்களை அவரே அதில் கடைந்திருக்கிறார்.

கருவி எப்படிப் பிறக்கிறது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு உடம்பின் ஆழத்தில் இருக்கிறது. சுற்றிலும் தடித்த தசை. காயத்தின் வாயை உதவியாளர்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கை ஓய்ந்தால் பார்வை மறையும். 'மனிதக் கை செய்வதை ஒரு சட்டம் செய்யக் கூடாதா?' சார்ன்லி தானாகவே விரித்துப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தைச் செய்தார். அது நகராமலிருக்க ஒரு சங்கிலி, சங்கிலி நுனியில் ஓர் எடைக் கட்டி. கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி தொங்கும். இதில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஆனால் ஓர் ஆளின் கை ஓய்ந்தது, சர்ஜனின் கண்ணுக்கு இடம் கிடைத்தது.

கிண்ணத்தைக் குடையும்போது நடுமையம் தவறினால் எல்லாமே கோணல். அதற்கு முதலில் மையத்தைக் குறிக்கும் துளைக்கருவி. பிறகு ஆழமாக்க ஒன்று, அகலமாக்க ஒன்று. புதுக் கிண்ணத்தைச் சரியான சாய்வில் பிடிக்கக் கைப்பிடி. ஒவ்வொரு படிக்கும் ஒரு கருவி. திறமைசாலி சர்ஜன் கையால் மட்டும் முடிந்த ஆபரேஷன், நன்றாகப் பழகிய எந்த சர்ஜனும் செய்யக்கூடியதாக மாறியது இப்படித்தான்.

எல்லாமே புதிதாகச் செய்ததும் அல்ல. தொடை எலும்பின் மேல்முடிச்சை அறுத்து விலக்க சார்ன்லி பயன்படுத்தியது 'ஜிக்லி' கம்பி ரம்பம். முறுக்கிய கம்பி, இரண்டு பக்கமும் கைப்பிடி. 1894-ல் இத்தாலியின் லியோனார்டோ ஜிக்லி அதைச் செய்தது எதற்குத் தெரியுமா? கஷ்டப் பிரசவத்தில் இடுப்பெலும்பை அறுத்து, குழந்தைக்கு வழி விடுவதற்காக! பிரசவ அறையில் பிறந்த கருவி எலும்பு வைத்தியத்துக்கு வந்து சேர்ந்தது.

முந்நூறு பேர்

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

டெஃப்லான் கிண்ணம் வைத்த நோயாளிகள் முதலில் அதிசயமாக நடந்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் படியேறினார்கள். வந்து பார்த்த டாக்டர்கள் வியந்தார்கள். சுமார் முந்நூறு பேருக்கு வைத்தாயிற்று. இரண்டு மூன்று வருஷம் போனதும் எக்ஸ்ரேயில் பந்து கிண்ணத்துக்குள் புதைந்துகொண்டே போவது தெரிந்தது. டெஃப்லான் வழுக்கியது உண்மை. ஆனால் தேய்ந்தது! தேய்ந்த பொடி சும்மா இருக்கவில்லை. சுற்றியிருந்த சதையைப் புண்ணாக்கி, எலும்பையும் அரித்தது. போன வலி திரும்பி வந்தது.

அந்த மனிதர் என்ன செய்தார்? 'நோயாளி சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை' என்று சொல்லவில்லை. அவர்களைத் திரும்ப வரவழைத்துத் தன் கையாலேயே மறு ஆபரேஷன் செய்தார். டெஃப்லான் பொடி உண்மையிலேயே கெடுதலா என்று தெரிந்துகொள்ள, அதைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்! மாதங்கள் போகப்போக அது கட்டியாக வளர்ந்து, வைத்த அளவைப்போல இரு மடங்காயிற்று. டெஃப்லானை மனித உடம்பில் வைக்கும் முன் யோசியுங்கள் என்று 1963-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தன் பெயரிலேயே எழுதிவிட்டார்.

இதைப் படித்த அன்று எனக்கு அண்ணாச்சியின் எக்ஸ்ரே ஞாபகம் வந்தது. வலி குறைந்ததை வைத்தே நான் திருப்தி அடைந்தேன். அவரோ, நோயாளி சந்தோஷமாக நடந்துகொண்டிருந்தபோதும் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நகத்தால் கீறி ஒதுக்கிய பிளாஸ்டிக்

1962 மே மாதம். பஞ்சாலைத் தறிகளுக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்கிற ஒருவர் ரைட்டிங்டன் பட்டறைக்கு வந்து, கிரேவனிடம் ஒரு துண்டைக் கொடுத்தார். பாலிஎத்திலீன் வகை, ஜெர்மனியில் செய்தது. கிரேவன் அதை சார்ன்லியிடம் காட்டினார். சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார். 'இதில் நேரத்தை வீணாக்காதே' என்கிற பாவனையில் ஒதுக்கிவிட்டு, ஒரு மாநாட்டுக்காகக் கோபன்ஹேகன் போய்விட்டார்.

கிரேவன் என்ன செய்தார் தெரியுமா? முதலாளி ஊரில் இல்லாத நேரம், அந்தத் துண்டைத் தேய்மான மெஷினில் மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூட அது தேயவில்லை!

திரும்பி வந்த சார்ன்லி மெஷினைப் பார்த்தார். 'நான் வேண்டாம் என்றேனே' என்று கௌரவம் பார்க்கவில்லை. 1962 நவம்பரில் அந்தப் பிளாஸ்டிக்கில் செய்த கிண்ணத்தை முதன்முதலாக நோயாளிக்கு வைத்தார். அப்படி வைத்த மூட்டுகளில் முப்பது வருஷம் தாண்டி உழைத்தவையும் உண்டு. இன்றும் உலகம் முழுக்க வைக்கிற கிண்ணங்களில் பெரும்பாலானவை, பல மேம்பாடுகளுக்குப் பிறகும், அந்தப் பாலிஎத்திலீன் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

கண்ணாடிக் கூண்டு

இன்னொரு எதிரி சீழ். உள்ளே வைத்த பொருளைச் சுற்றிக் கிருமி தங்கிவிட்டால், பல நேரங்களில் வைத்ததை எடுத்தால்தான் தீரும். ஆரம்பத்தில் சார்ன்லியின் நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் சீழ் பிடித்தது. தியேட்டர் காற்றில் மிதக்கும் கிருமிதான் காரணம் என்று சந்தேகித்தார். ஹவர்த் என்ற காற்றுச் சுத்திகரிப்பு இன்ஜினியரைச் சேர்த்துக்கொண்டு, தியேட்டருக்குள்ளேயே ஒரு கூண்டு கட்டினார். மேலிருந்து வடிகட்டிய காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே நிற்பவர்களின் மூச்சுக் காற்றைக்கூட ஒரு குழாய் உறிஞ்சி வெளியே கொண்டுபோகும். விண்வெளி வீரர்கள் மாதிரி உடை! 1970 வாக்கில் சீழ் பிடிப்பது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. கூண்டு மட்டுமே காரணமா என்று அப்போதும் பிறகும் வாதம் நடந்தது. ஆனால் தியேட்டர் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை உலகம் அவரிடமிருந்துதான் கற்றது.

இதைவிட என்னைத் தொட்ட விஷயம் ஒன்று உண்டு. தன் நோயாளிகளிடம் அவர் ஒரு வேண்டுகோள் வைத்தார்: 'உங்கள் காலத்துக்குப் பிறகு அந்த மூட்டை நான் திரும்ப எடுத்துப் பார்க்க அனுமதியுங்கள்.' பலர் சம்மதித்தார்கள். வருஷக் கணக்காக உள்ளே இருந்த சாந்தும் எலும்பும் எப்படிப் பழகியிருக்கின்றன என்று அவர் நுண்ணோக்கியில் பார்த்தது அவர்களின் தயவால்தான். கருவியைக் கண்டுபிடித்தவர்களின் பட்டியலில் அந்த நோயாளிகளையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

பாலிஎத்திலீன் மூட்டு நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்தும் அவர் உடனே கடைக்கு அனுப்பவில்லை. சில வருஷங்கள் பொறுத்தார். 1960-களின் பிற்பகுதி வரை, ரைட்டிங்டன் வந்து பழகிக்கொண்ட சர்ஜன்களுக்கு மட்டுமே அந்த மூட்டு விற்கப்பட்டது. 'டெஃப்லானில் சூடு கண்டாச்சு' என்பது காரணமாக இருக்கலாம். 1977-ல் 'சர்' பட்டம் பெற்றார், 1982-ல் மறைந்தார்.

அவருக்குப் பிறகு

அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருந்ததா? இல்லை. 2000-க்குப் பிறகு உலோகப் பந்து, உலோகக் கிண்ணம் என்று ஒரு வகை வேகமாகப் பரவியது. உலோகம் உரசி, நுண்ணிய துகள்கள் சதையிலும் ரத்தத்திலும் கலந்தன. 2010-ல் ஒரு பெரிய கம்பெனி தன் மூட்டை உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெற்றது. நம் நாட்டிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது வைக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் புதுசு கேட்டார், கம்பெனி புதுசு கொடுத்தது. பல வருஷம் பின்தொடர்ந்து பார்க்கும் வேலை மட்டும் பின்தங்கிவிட்டது.

இதற்கு மாற்று மருந்தாக ஸ்வீடன் நாடு 1979-லேயே ஒரு வழி காட்டியது. யாருக்கு, எந்த மூட்டு, எப்போது வைத்தார்கள், எப்போது மாற்றினார்கள் என்று நாடு முழுக்க ஒரே பதிவேடு. எந்தக் கருவி உழைக்கிறது, எது ஏமாற்றுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் அந்தப் பதிவேடும் ஒரு கருவிதான்.

ரோபோவும் வந்தாயிற்று. 1992-ல் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில், தொடை எலும்புக்குள் காம்பு உட்காரும் குழியைக் குடைய முதன்முதலாக ரோபோவைப் பயன்படுத்தினார்கள். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் சர்ஜன் வில்லியம் பார்கர். இன்னொருவர் ஹாப் பால், கால்நடை மருத்துவர்! முதலில் நாய்களுக்குச் செய்து பார்த்தார்கள். பல் டாக்டர், லேத் தொழிலாளி, காற்று இன்ஜினியர், மாட்டு டாக்டர்... இந்த மூட்டுக்குள் எத்தனை பேர் கை இருக்கிறது பாருங்கள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை

எங்கள் தைலமும் ஒற்றடமும் தசைப் பிடிப்பைத் தளர்த்தும், வலியைத் தணிக்கும். ஆரம்ப நிலையில் நல்ல துணை. ஆனால் நசுங்கிய பந்தை உருண்டையாக்கும் எண்ணெய் எதுவும் என் அலமாரியில் இல்லை. இதைச் சொல்வதால் சித்த மருத்துவத்துக்கு இழுக்கு வராது. சொல்லாமல் விட்டால்தான் வரும்.

* இடுப்பு மூட்டு வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் வலிக்கும். முழங்கால் எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலி போகவில்லையா? இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

* சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, கெந்தல், சம்மணம் போட முடியாமை இருந்தால், எந்த வைத்தியத்தில் இருந்தாலும் படம் எடுத்துவிடுங்கள். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரே ஏமாற்றலாம். டாக்டர் சொன்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படும்.

* நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு எலும்புத் தலையில் ரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து அதிகம். மறைக்காமல் சொல்லுங்கள்.

* ஆபரேஷன் என்று முடிவானால் சர்ஜனிடம் கேளுங்கள்: 'எனக்கு வைக்கப் போவது எந்த மூட்டு? எத்தனை வருஷமாக அது புழக்கத்தில் இருக்கிறது? வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்?' நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார்.

* சொத்தைப் பல், சிறுநீரில் கிருமி, காலில் புண், சர்க்கரை... இவற்றை ஆபரேஷனுக்கு முன்பே கவனிக்க வேண்டும். சாப்பிடும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள், எங்கள் சூரணம், லேகியம் உட்பட.

* மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். தரையில் உட்காருவது, குந்துவது பற்றி உங்கள் சர்ஜன் சொல்வதைக் கேளுங்கள். முக்கியமாக, வலி இல்லாவிட்டாலும் சொன்ன தேதியில் போய்க் காட்டுங்கள்.

அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மறுநாளே பிடித்து நிற்க வைத்தார்கள். மூன்று மாதத்தில் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கால் நீளம் முழுசாகச் சரியாகவில்லை. செருப்பில் சின்ன உயரம் வைத்திருக்கிறார். என்மேல் கோபமே கிடையாது. அதுதான் எனக்குச் சங்கடம். இன்றும் வருஷத்துக்கு ஒருமுறை, "என்னய்யா, மூட்டு நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் போகணும்?" என்பார்.

"நல்லா இருக்கும்போதுதான் அண்ணாச்சி போய்ப் பார்க்கணும்" என்று சொல்லி, எக்ஸ்ரேக்கு நானே ஆட்டோவில் கூட்டிப்போகிறேன்.